தேதி கிழிக்கிறவர்

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்பம், வீடு, அன்றாட வாழ்க்கை, இதில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கால் மணி நேரம் பேசுங்கள் என்று சொல்லி என்னை அழைத்தார்கள். எதை வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒன்றுமே ஓடாது. முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். கேள்வியைக் கொடுத்தால்தான் எனக்கு விடை வரும். இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சரி, இதைப் பற்றியே பேசிவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது சாத்தூரில். சேவுக்குப் பேர்போன ஊர். ஒரு பக்கம் போனால் சிவகாசி, இன்னொரு பக்கம் போனால் கோவில்பட்டி. காலண்டரைப் பொறுத்தவரை எங்களுக்கு இரண்டு ஊர்களும் தாய்வீடு மாதிரி. கோவில்பட்டியில்தான் ஓவியர் கொண்டையராஜு இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர், கடைசியில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1976 இல் காலமானார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சியும்தான் சிவகாசி அச்சில் ஏறி வீடு வீடாகப் போனார்கள். எங்கள் அப்பத்தாவின் கனவில் முருகன் வந்தால்கூடக் காலண்டரில் இருக்கிற அதே முருகன்தான் வருவார். ரோஸ் நிறக் கன்னம், பின்னால் தோகை விரித்த மயில். "கீழே கடை பேரு போட்டிருந்துச்சா அப்பத்தா?" என்று தம்பி கேட்டு அடி வாங்கியிருக்கிறான்.

சிவகாசிக்கு அச்சுத் தொழில் வந்த வழியும் ஒரு குடும்பக் கதை மாதிரிதான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைந்த வறண்ட பூமி, தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்குத் தோதான வெயில். தீப்பெட்டி வந்தால் அதற்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்துவிட்டால் அது சும்மா நிற்கலாமா? காலண்டர் வந்தது, டைரி வந்தது, நோட்டுப் புத்தகம் வந்தது.

எங்கள் சித்தி அங்கே ஒரு பைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். ஒவ்வொரு வருடமும் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருடக் காலண்டருக்கான ஆல்பத்தை வெளியிடுவார்கள். இன்றைக்கும் அந்த வழக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு சித்திக்கு நடப்பு வருடத்தில் அக்கறையே இருக்காது. ஆவணி மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அடுத்த வருசம் பொங்கலு ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு ஒரு லீவு போச்சு" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார். ஊருக்கே தெரியாத ஒன்று எங்கள் சித்திக்குத் தெரியும்! தெருப் பிள்ளைகள் சித்தியைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் பிறந்தநாள் அடுத்த வருடம் என்ன கிழமை என்று கேட்போம். சித்தி யோசித்து யோசித்துச் சொல்வார். பாதி சரியாக இருக்கும்.

காலண்டரைப் பற்றிப் பேசுவதென்றால் முதலில் கிழிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார் கிழிப்பது என்பது எங்கள் வீட்டில் பெரிய விவகாரம். அப்பா வீட்டில் இருக்கும்போது அப்பாதான் கிழிப்பார். பருத்திக் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை அவர். வேலையாக வெளியூர் போய்விட்டால் எனக்கும் தம்பிக்கும் போட்டி. கிழிப்பதில் நுணுக்கம் உண்டு. மேலே தகரப் பட்டை இருக்கும் இடத்தை இடது கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வலது கையால் ஓரத்தில் தொடங்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். சர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் சண்டையே. அவசரப்பட்டு இழுத்தால் தகரத்துக்கடியில் பல்பல்லாகத் துண்டு நின்றுவிடும். அன்றைக்குக் கிழித்தவன் தம்பி என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒரு புரட்டாசி மாதம், தீபாவளிக்கு இன்னும் இருபத்துச் சொச்சம் நாள் இருந்தது. மத்தியானம் எல்லோரும் அயர்ந்திருந்த நேரத்தில் தம்பி ஸ்டூலைப் போட்டு ஏறி, தீபாவளி வரைக்கும் தேதியைக் கிழித்துவிட்டான். கிழித்து முடித்துவிட்டு அம்மாவை எழுப்பி, "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும், எந்திரி" என்றான். அம்மாவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. சாயங்காலம் சோற்றுப் பருக்கையை மசித்துத் தாள்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி ஒட்டினார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் காலண்டர் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. எறும்பு வேறு வந்துவிட்டது. தீபாவளி அன்றைய தாளின் ஒரு மூலையை எறும்பு தின்றிருந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

தாளில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் கொட்டை எழுத்தில் இங்கிலீஷ் தேதி. பக்கத்தில் தமிழ்த் தேதி, திருவள்ளுவர் ஆண்டு, ஹிஜிரி தேதி. திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை. கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல். ஒரு உள்ளங்கை அகலத் தாளில் இவ்வளவையும் அடைத்தவர் யாரோ, அவர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஒரு சொல் ராசிபலன் எங்கள் வீட்டில் காலைப் பலகாரத்தோடு பரிமாறப்படும். லாபம், செலவு, நட்பு, அலைச்சல், பாராட்டு, மறதி. அம்மாவுக்குக் கன்னி ராசி. ஒருநாள் கன்னிக்கு "ஓய்வு" என்று போட்டிருந்தது. நான்தான் சத்தமாக வாசித்தேன். அம்மா இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று கேட்டார்கள். பத்து மணிக்குத் திருநெல்வேலி போகிற ரயிலில் அப்பா வழி உறவுக்காரர்கள் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள், கழுகுமலைக்குப் போகிற வழியில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று. அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மா நேராகக் காலண்டரிடம் போனார்கள். நாளைக்குக் கிழிக்க வேண்டிய அந்தத் தாளை அப்போதே கிழித்து, அடுப்பில் போட்டார்கள். அம்மா தேதி கிழித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சூலம் என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கிழமையில் எந்தத் திசையில் போகக்கூடாது, போயே ஆக வேண்டுமென்றால் என்ன பரிகாரம் என்பது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், பரிகாரம் பால். திங்களும் சனியும் கிழக்கு, தயிர். வெள்ளியும் ஞாயிறும் மேற்கு, வெல்லம். வியாழன் தெற்கு, தைலம். அப்பா கடை வேலையாகச் செவ்வாய்க்கிழமை தோறும் மதுரைக்குப் போவார். சாத்தூருக்கு வடக்கேதான் மதுரை. அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அப்பாவுக்கு ஒரு டம்ளர் நிறையப் பால் உண்டு. காப்பிக்கு மட்டுமே பால் வாங்குகிற வீடு எங்களுடையது. தம்பி நான்கைந்து செவ்வாய்க்கிழமை இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றான். "பள்ளிக்கூடமும் வடக்கேதாம்மா இருக்கு" என்றான். அதற்குப் பிறகு செவ்வாயும் புதனும் அவனுக்கும் அரை டம்ளர் பால் கிடைத்தது. நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடம் தெற்கே இருந்தது. தெற்குக்குப் பரிகாரம் தைலம். தலையில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ராகு காலத்தை நான் வகுப்பிலேயே நடத்தியிருக்கிறேன், மூடநம்பிக்கை வளர்க்கிறேன் என்று யாரும் எழுதிப் போடவில்லை. பகலைப் பன்னிரண்டு மணி நேரமாக வைத்துக்கொண்டு எட்டால் வகுத்தால் ஒன்றரை மணி நேரம். எந்தக் கிழமைக்கு எந்த ஒன்றரை என்பதற்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு: "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?" ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்கட்கிழமை 7.30 இல் தொடங்கி ஒன்றரை மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஞாயிறுக்கு 4.30 வந்துவிடும். என்னிடம் கணக்கில் பெயிலான பிள்ளைகள்கூட இதில் பிசகியதில்லை. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் எப்போதும் உண்டு. இந்தக் கணக்கு சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதிக்கிறது என்பதை வைத்துப் போட்டது. தை மாதத்தில் மதுரையில் சூரியன் ஆறரை மணியைத் தாண்டித்தான் எட்டிப் பார்க்கும். அப்போது ராகு மட்டும் கடிகாரத்தைப் பார்த்து வருவாரா? அப்பத்தாவிடம் கேட்டேன். "காலண்டர்ல போட்டிருக்குல்ல" என்றார்கள். அதற்கு மேல் பேச்சே இல்லை.

இன்னொன்று, ஆனி 32. ஆறாம் வகுப்பில் முப்பது நாள், முப்பத்தொரு நாள் என்று விரல் முட்டியை எண்ணிப் படித்துக்கொண்டிருந்த பெண், காலண்டரில் ஆனி 32 என்று பார்த்தால் எப்படி இருக்கும்? அச்சுப்பிழை என்று நினைத்து, சித்தி வந்ததும் புகார் சொன்னேன். சித்தி, "எங்க பட்டறையில தப்பே வராது" என்று கோபித்துக்கொண்டார். காரணம் கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியில் இருக்கிற காலம். ஜூலை மாதத் தொடக்கத்தில் பூமி சூரியனை விட்டு அதிகத் தூரத்தில் இருக்கும், மெதுவாகப் போகும். அதனால் ஆனி இழுத்துக்கொண்டு நிற்கும். ஜனவரித் தொடக்கத்தில் கிட்டத்தில் இருக்கும், வேகமாகப் போகும். மார்கழி 29, 30 நாளில் ஓடிவிடும். கோலம் போடுகிறவர்களுக்கு மார்கழி சீக்கிரம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறதென்றால், அது வெறும் நினைப்பு இல்லை. பூமி உண்மையிலேயே அவசரப்படுகிறது.

அப்பா கிழித்த தாளைத் தூக்கிப் போட மாட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே. கட்டுக்கட்டாகக் கம்பியில் குத்தி வைத்திருப்பார். மளிகைச் சிட்டை அதில்தான். கோயிலிலிருந்து வரும் விபூதி அதில்தான் மடிக்கப்படும். தபால்காரர் வந்து போன விவரம், வண்ணார்க் கணக்கு, யாருக்கோ கொடுத்த இருபது ரூபாய். பால் கணக்கு மட்டும் அடுக்களையில் தொங்கிய மாதக் காலண்டரில் இருக்கும், கட்டத்துக்குள் ஒன்று, ஒன்றரை என்று. அதே கட்டங்களில் மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் சிறியதாக ஒரு புள்ளி. அது எதற்கென்று பெண்களுக்குத் தெரியும். ஆண்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி பால் கணக்கை மட்டும் கூட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கம்பிக்குப் போகாமல் அப்பா எடுத்து வைத்த தாள்கள் சில உண்டு. பிள்ளைகள் பிறந்த அன்றைய தாள். தம்பிக்கு ஒரு தாள் இருக்கிறது. எனக்கு இரண்டு. நான் பிறந்தது ராத்திரி 2.10க்கு. நள்ளிரவு தாண்டிவிட்டதால் இங்கிலீஷ் கணக்குக்குப் புதன்கிழமை. நம் பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. அதனால் இன்னும் செவ்வாய்க்கிழமைதான். அம்மா, "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது, என் பிள்ளை புதன்கிழமை" என்பார்கள். அப்பத்தா, "விடியவே இல்ல, அப்புறம் எப்படிப் புதன்?" என்பார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அப்பா எதையும் தீர்த்து வைத்ததில்லை. இதையும் தீர்க்கவில்லை. இரண்டு தாளையும் சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்துவிட்டார். இரண்டிலும் பின்பக்கம் அதே எழுத்து: பெண் குழந்தை, இரவு 2.10. குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருக்கிறது. அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். இங்கே எங்கள் தெருமுனையில் பாய் கடை. மளிகை வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் மார்கழியில் காலண்டர் கொடுப்பார். அவர்கள் ஆட்களுக்கு மக்கா படம், பக்கத்துத் தெரு ஜோசப் சார் வீட்டுக்கு வேளாங்கண்ணி மாதா, எங்களுக்கு மீனாட்சி. யார் வீட்டுக்கு எந்தப் படம் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார். ஒரு வருடம் எனக்கு லட்சுமி படம் கொடுத்தார். "மீனாட்சி தீர்ந்துபோச்சும்மா, அடுத்த வருசம் முதல்லயே எடுத்து வச்சிருறேன்" என்று அவ்வளவு வருத்தப்பட்டார். நம்மை வாடிக்கையாளராக மதிக்கிறார்களா என்பது காலண்டர் விஷயத்தில் தெரிந்துவிடும். ஒரு கடையில் பத்து வருடமாக நகைச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தேன். கடையின் பெயர் எதற்கு, விடுங்கள். காலண்டர் கேட்டதற்கு, "போன வாரமே வந்திருக்கணும் மேடம்" என்று சொன்னார்கள். அடுத்த சீட்டை நான் அங்கே போடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் சந்திராஷ்டமத்தில் மட்டும் அசைக்க முடியாத நம்பிக்கை. நம் ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கிற நாள் அது. அன்று வம்பு வரும், வாயைத் திறக்கக்கூடாது என்பார்கள். சந்திரன் ஏறக்குறைய 27 நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றுகிறது என்றால், ஒரு ராசிக்கு இரண்டேகால் நாள். ஆனால் இவருக்கு மாதத்தில் ஆறேழு நாள் சந்திராஷ்டமம் வரும். கேஸ் புக் பண்ணச் சொன்னால் சந்திராஷ்டமம். என் தம்பி வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் சந்திராஷ்டமம். ஒருநாள் பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டே காட்டிவிட்டேன். "கணக்கு டீச்சரைக் கட்டிக்கிட்டது எந்த நாளோ தெரியல" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு பேரும் வீட்டில்தான். சண்டைக்கு நேரம் நிறையக் கிடைத்தது. "ரிட்டயர் ஆகி மூணு வருசத்தில் அப்படி என்னத்தைக் கிழிச்சிட்டீங்க?" என்று ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். மனிதர் நிதானமாகக் காலண்டரைக் காட்டினார். தினமும் ஒன்று. உண்மைதான். ஒருநாள் விடவில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, முகம் கழுவியதும் நேரே அங்கேதான் போவார். நான் எழுந்து வரும்போது தேதி கிழிந்திருக்கும். பழைய தாள் நான்காக மடிந்து மேசையில் இருக்கும், என் காப்பி டம்ளருக்கு அடியில். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கும். "பால் வாங்கியாச்சு." "மோட்டார் போட்டிருக்கேன், பத்து நிமிசத்தில் நிறுத்து." முந்தின நாள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் கொஞ்சம் நீளமாக எழுதியிருப்பார். ஒருமுறை, "நேற்று நான் சொன்னது தப்பு. தேங்காய்ச் சட்னி நன்றாகத்தான் இருந்தது." இந்த மனிதர் நேரில் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

பெங்களூரில் இருக்கிற மகன் வீட்டில் காலண்டர் இல்லை. சுவரில் ஆணி அடிக்க வீட்டு ஓனர் விடமாட்டாராம். மருமகள் போனில் ஏதோ ஆப் வைத்திருக்கிறாள். அது திருக்கணிதப் பஞ்சாங்கம். எங்கள் காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கம், கணக்குப் போடுகிற முறையே வேறு. அதனால் சனிப்பெயர்ச்சி வந்தபோது பெரிய குழப்பம். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கம்தான், அதனால் அங்கே 2026 என்று அறிவித்தார்கள். "சனி இப்ப எங்கதான் இருக்காரு அத்தை?" என்று மருமகள் போன் பண்ணிக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்திலிருந்து இவர், "ஒரு வருசத்துக்கு ரெண்டு வீட்டுக்கும் வாடகை குடுக்கிறாருன்னு சொல்லு" என்றார்.

வருடம் முடிந்தாலும் எங்கள் வீட்டில் அட்டையை ஆணியிலிருந்து எடுப்பதில்லை. சாமி படத்தை எப்படிக் குப்பையில் போடுவது? பழையதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவோம். ஒரு ஆணியில் நான்கு வருடச் சாமி. ஆணி எப்போது வளைகிறதோ அப்போது அடியில் இருப்பவரை எடுத்துக்கொண்டு போய்க் கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் வீட்டுச் சாமிகள் மரத்தில் சாய்ந்துகொண்டிருப்பார்கள். சாமி படம் இல்லாத அட்டையாக இருந்தால் அதற்கு வேறு யோகம். ஒரு கிளிப்பை மாட்டிவிட்டால் பரீட்சை அட்டை. கரண்ட் போனால் விசிறி. என் மாணவிகளில் பாதிப் பேர் இப்படிப்பட்ட அட்டையில்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள். அட்டையின் மேல் ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கும், அதன்மேல் அவர்கள் வடிவியல் போடுவார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு ஒலிப்பதிவு. காலையில் டம்ளருக்கு அடியில் தாள் இருந்தது. "10.30க்கு முன்னாடியே வீட்டை விட்டு இறங்கிவிடு. அப்புறம் ராகு காலம். எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்காகச் சொல்கிறேன். வீட்டுச் சாவியை எடுத்துக்கொள்." பத்தே காலுக்கே இறங்கிவிட்டேன். ஆட்டோ உடனே கிடைத்தது. பத்தரைக்கெல்லாம் இந்த நிலையத்து வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். உள்ளே கூப்பிட நேரமாகும் என்று காவலர் தன் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

சுவரில் ஒரு காலண்டர். பார்த்தால் செவ்வாய்க்கிழமையிலேயே நிற்கிறது. மூன்று நாளாக யாரும் தொடவில்லை. கை சும்மா இருக்குமா? எழுந்து போய், தகரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்தேன். சர், சர், சர். மூன்றும் பிசிறில்லாமல் வந்தன. திரும்பினால் காவலர் கையில் டீயோடு வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

"மூணு நாள் லீவுல இருந்தேம்மா" என்றார். "இன்னிக்கு வந்து கிழிக்கலாம்னு வச்சிருந்தேன்."

வணக்கம்.